பினாங்கு வெயிலில் சூடேற்றும் கேபிள் எதற்கு?

பத்து மாவுங்கில் மீன் வைக்கும் ஒரு பிரிசர் அறை. வெளியே 32 டிகிரி, உள்ளே மைனஸ் 18. முதலாளி போனில் பதறினார்: "தம்பி, ஹீட்டர் புதுசு, கண்ட்ரோலரும் புதுசு. ஆனா தரையெல்லாம் ஐஸ். வேலை செய்யுற பையன் வழுக்கி விழுந்துட்டான்."

பிரிசர் அறையைக் குளிர்விக்கும் காயிலில் பனி படியும். நாளுக்குச் சில முறை அதை உருக்கிவிடுவோம். டீஃப்ராஸ்ட் என்பது இதுதான். உருகிய நீர் தட்டில் விழுந்து குழாய் வழியே வெளியேற வேண்டும். மைனஸ் 18-இல் கிடக்கும் குழாயில் நீர் எங்கே ஓடும்? பாதி வழியிலேயே கல்லாகிவிடும், தட்டு நிரம்பித் தரையில் வழியும். அதனால்தான் குழாயை ஒட்டி ஒரு ஹீட்டிங் கேபிள். அதை நாள் முழுக்க ஓடவிட்டால் மின்கட்டணம் ஏறும். அது உள்ளே விடும் வெப்பத்தை வெளியே தள்ள கம்ப்ரசரும் கூடுதலாக உழைக்கும். வேண்டும்போது மட்டும் சூடேற்றத்தான் கண்ட்ரோலர்.

அதில் வரும் சென்சார் பெரும்பாலும் என்டிசி வகை. 25 டிகிரியில் அதன் மின்தடை 10 கிலோ ஓம் என்றால், குளிரக் குளிரத் தடை ஏறி, 0 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அந்தத் தடையை வைத்தே கண்ட்ரோலர் வெப்பநிலையைக் கணிக்கிறது. 3 டிகிரிக்கு இறங்கினால் அதற்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் மூடி ஹீட்டர் ஓடும், 8-ஐத் தொட்டால் திறந்து ஹீட்டர் அணையும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலே ஓயாமல் அடித்துக்கொண்டு, முனைகள் சீக்கிரமே கருகிவிடும்.

இன்சுலேஷனைப் பிரித்ததும் விஷயம் தெரிந்தது. சென்சாரைக் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கேபிள் கொஞ்சம் சூடானதுமே கண்ட்ரோலர் 8 டிகிரி என்று எண்ணி அணைத்துவிட்டது. குழாய்க்குள் ஐஸ் அப்படியே. கேபிள் குழாயின் அடியில் ஓடினால், சென்சார் மேல்பக்கம், அதுவும் குழாயின் மிகக் குளிர்ந்த இடத்தில், அலுமினிய டேப்பால் இறுக ஒட்டப்பட வேண்டும். அதன்மேல்தான் இன்சுலேஷன்.

வயரிங் லைசென்ஸ் உள்ள வயர்மேனின் வேலை. மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்துவிட்டுத்தான் தொட வேண்டும். பழுப்பு லைவ் ஒரு கிளையாகக் கண்ட்ரோலரின் சப்ளைக்கும், இன்னொரு கிளையாக ரிலேயின் பொது முனைக்கும் போகும். பல கண்ட்ரோலர்களில் ரிலே வெறும் சுவிட்சுதான், அது தானாக மின்சாரம் தராது. இந்த இரண்டாவது கிளையை மறப்பவர்கள் நிறைய. ரிலேயின் மறுமுனையிலிருந்து ஹீட்டருக்கு லைவ். நீல நியூட்ரல் கண்ட்ரோலருக்கும் ஹீட்டருக்கும் நேராகப் போகும். கேபிளைச் சுற்றிய உலோகப் பின்னலை பச்சை-மஞ்சள் எர்த்தில் சேர்க்காமல் விடவே கூடாது. ஈரமான இடம், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

மிச்சமாகத் தொங்குகிறதே என்று கேபிளை வெட்டிவிடாதீர்கள். 6 மீட்டர், 240 வாட் கேபிளின் தடை 230 வோல்ட்டுக்குச் சுமார் 220 ஓம். பாதியாக வெட்டினால் தடை 110 ஓம், மின்சக்தி 480 வாட். அதுவும் 3 மீட்டருக்குள்! மீட்டருக்கு 40 வாட் இருந்தது 160 ஆகிறது. பிளாஸ்டிக் குழாய் தாங்காது. அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டுமானால் தானே கட்டுப்படும் வகையை வாங்குங்கள். அதன் இரு கம்பிகளுக்கு நடுவே கார்பன் கலந்த பாலிமர் நெடுக இருக்கும். சூடானால் விரிந்து, மின்பாதைகள் அறுந்து, மின்னோட்டம் தானே குறையும்.

இன்சுலேஷனை மூடுமுன் சென்சாரைச் சோதித்தேன். சுத்தமான ஐஸும் தண்ணீரும் கலந்தால் 0 டிகிரியில் நிற்கும். மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸ் இதற்கு உதவாது, உப்புக் கலந்திருந்தால் 0-க்கும் கீழே போகும். கோப்பிக் கடையிலிருந்து ஒரு குவளை ஐஸ் வாங்கி, நொறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை முக்கினேன். எண் 20, 11, 6 என்று இறங்கி, 3-இல் ரிலே டக்கென்றது. கடைசியில் 0.2-இல் நின்றது.