இத்தாலியில் கார் எடுக்கிறீர்களா? இசட்.டி.எல். பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இத்தாலிக்கு செல்ஃப் டிரைவ் கேட்டு எங்களிடம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பயம்தான்: அங்கே ரோட்டில் வலப்பக்கமாக ஓட்டணுமே! அது அரை நாளில் பழகிவிடும். வலது கையால் கியர் போடுவதுதான் கொஞ்சம் படுத்தும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாடகை கூடும். நிஜமாகவே பயப்பட வேண்டியது இசட்.டி.எல். (ZTL) என்ற மூன்று எழுத்துக்கு. வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உள்ள பகுதி என்று பொருள்.

ஃப்ளோரன்ஸ், சியெனா, லூக்கா என இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள பழைய ஊர்களில் மையப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள்தான் போகலாம். வாசலில் போலீஸ் நிற்காது. சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, கீழே இத்தாலிய மொழியில் நேர விவரம், பக்கத்தில் கேமரா, அவ்வளவுதான். சில இடங்களில் மின்பலகையும் உண்டு. அதில் 'வார்கோ அத்தீவோ' (Varco attivo, 'நுழைவாயில் ஆக்டிவ்') என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையக் கூடாது. ஆக்டிவ் என்றால் திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போனவர்கள் உண்டு.

அபராதம் வரும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். கேமராவில் விழுந்த நம்பரை வைத்து அங்குள்ள அதிகாரிகள் வாடகை நிறுவனத்திடம் விசாரிப்பார்கள். நிறுவனம் உங்கள் பெயர், முகவரியைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அபராத நோட்டீஸ் தனி. பல மாதம் கழித்தும் வீட்டுக்கு வரும். மூன்று வெவ்வேறு நாளில் நுழைந்தால் மூன்று அபராதம். நோட்டீஸ் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

ஹோட்டல் மையப் பகுதிக்குள் இருந்தால், கார் நம்பரைப் பதிந்து அனுமதி வாங்கித் தருவார்களா என்று மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், ஃப்ளோரன்ஸில் இருக்கும் நாட்களில் காரே வேண்டாம். ஊரை நடந்து பாருங்கள். கிளம்பும் அன்று டிராமில் விமான நிலையம் போய் அங்கே காரை எடுங்கள். பியென்ஸா, மோன்டெபுல்ச்சானோ பக்கம்தான் கார் நிஜமாகத் தேவை. அங்கே பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். ஊர் மதிலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சள் கோடு நமக்கில்லை.

இந்திய லைசென்ஸோடு, ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். ஓராண்டு செல்லும்; ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். டெபாசிட்டுக்கான கிரெடிட் கார்டு, ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கட்டும். மகன் கார்டை நீட்டினால் அப்பாவுக்குப் பெரும்பாலும் சாவி கிடைக்காது.

பண்ணை வீடுகளுக்குப் போகும் வழி பல இடங்களில் வெள்ளைச் சரளைச் சாலை. அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. கவுண்டரில் கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாவி வாங்கியதும், வண்டியை நகர்த்தும் முன், நாலு சக்கர ரிம்மையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.