சாண எரிவாயுக் கலனின் நலம் தொழுவத்தில் தொடங்குகிறது

பால்பண்ணைகளில் சாண எரிவாயுக் கலன்களை அமைத்துக் கொடுப்பதும், அவை மந்தப்படும்போது காரணம் கண்டறிந்து சீர்செய்வதும் என் தொழில். பண்ணையாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை மாட்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கிடைக்கும் என்பதுதான். ஒரு கிலோ புதுச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயுவும், ஒரு கன மீட்டர் வாயுவை எஞ்சினில் எரித்தால் சுமார் 2 யூனிட் மின்சாரமும் கிடைக்கும் என்பதால், கணக்கு எளிதுதான். ஆனால் அந்த வாயு வருமா வராதா என்பது ஜெனரேட்டர் அறையைவிடத் தொழுவத்தின் தரையையே அதிகம் சார்ந்திருக்கிறது.

காற்றுப் புகாத கலனுக்குள் நுண்ணுயிர்கள் ஒன்றை அடுத்து ஒன்றாக வேலை செய்கின்றன. முதல் கூட்டம் சாணத்தில் எஞ்சியிருக்கும் நாரையும் மாவுப்பொருளையும் கரைக்கிறது. அடுத்தவை அதை அமிலங்களாக்குகின்றன. கடைசிக் கூட்டம் அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்குகிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் மீத்தேன் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி சாணத்தோடு வெளியே வருவதால், சாணம் தன் விதையைத் தானே கொண்டு வருகிறது. இந்தக் கடைசிக் கூட்டம் மெதுவாகப் பெருகும், எளிதில் நலியும். வெப்பம் 35 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள்ளும், கார அமில நிலை 7-ஐ ஒட்டியும் நிலையாக இருந்தால்தான் அது செழிக்கும். அமிலம் உண்டாக்குபவை விரைவாகப் பெருகுபவை என்பதால், கலனுக்கு இடும் சாணத் தீனி திடீரென்று கூடினாலோ மீத்தேன் நுண்ணுயிர்கள் நலிந்தாலோ, அமிலம் தேங்கிக் கலன் முழுவதுமே புளித்துவிடுகிறது.

ஒரு பண்ணையில் மூன்று வாரமாக வாயு குறைந்துகொண்டே வந்தது. கலக்கியை மாற்றிப் பார்த்தார்கள், குழாய்களில் கசிவு தேடினார்கள். நான் மாதிரிக் குழாயைத் திறந்து ஒரு குப்பியில் கரைசலைப் பிடித்தேன். நன்றாக ஓடும் கலனின் கரைசலில் அடங்கிய மண்வாடைதான் இருக்கும். இதிலோ கெட்டுப்போன வெண்ணெயும் காடியும் கலந்தாற்போல மூக்கைத் துளைக்கும் புளித்த நாற்றம். தொழுவத்தில் வேலை செய்பவர்களிடம் விசாரித்தபோதுதான், குளம்பு நோய்க்காக மாடுகளை நடத்தும் மயில்துத்தக் கரைசலை ஒவ்வொரு முறையும் சாணக் கால்வாயிலேயே வடித்துவிடுகிறார்கள் என்பது தெரிந்தது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அந்தக் கரைசலுக்கு வடிகாலைத் தனியாகப் பிரித்து, கலனுக்குச் சாணம் இடுவதைச் சில நாள் நிறுத்தி, நன்றாக ஓடும் வேறொரு கலனிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றிய பிறகும், பழைய அளவு வாயு திரும்ப ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அவர்கள் மீது குற்றமில்லை. கலனைக் கட்டியவர்கள் யாரும் அவர்களிடம் இதைச் சொல்லவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நோய்க்கு மருந்து ஏற்றிய மாடுகளின் சாணத்தையும், கிருமிநாசினி கலந்த கழுவுநீரையும் இதே எச்சரிக்கையோடு ஒதுக்கி வைக்க வேண்டும். மாடு படுக்க மணல் பரப்பும் தொழுவமென்றால் மணலைப் பிரிக்காமல் கலனுக்கு அனுப்பக் கூடாது. அது அடியில் படிந்து கொள்ளளவைத் தின்றுவிடும், அள்ளுவதற்குக் கலனையே நிறுத்தித் திறக்க வேண்டியிருக்கும். சாணத்தை நாள்கணக்கில் வெளியே கிடத்திவிட்டுச் சேர்ப்பதும் நட்டமே.

திறந்த குட்டையில் தேங்கும் சாணக் கரைசலும் மீத்தேனை விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடேற்றும். அதைப் பிடித்து எரிப்பது பெரிய நன்மை. ஆனால் மாடு ஏப்பமாக விடும் மீத்தேனைக் கலன் தொடுவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கலனிலிருந்து வெளியேறும் கரைசலும் சில காலம் வாயு விடும் என்பதால், அந்தத் தொட்டிக்கும் மூடி தேவை. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலனில் மறைந்துவிடுவதில்லை. தழைச்சத்தில் பெரும்பங்கு அம்மோனியமாக மாறியிருக்கும், ஆகவே அது காற்றில் பறந்துபோகாதிருக்க, கரைசலை நிலத்தின் மேல் தெளிப்பதைவிட மண்ணுக்குள் செலுத்துவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் அஞ்சுவது ஹைட்ரஜன் சல்ஃபைடை. அழுகிய முட்டை நாற்றம் தரும் இவ்வாயு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போதே மூக்கின் உணர்வை மரத்துப்போகச் செய்கிறது. சுத்திகரிக்காத சாண எரிவாயுவில் இது 1,000 பங்கையும் தாண்டுவதுண்டு. நாற்றம் நின்றுவிட்டது, இனிச் சாணக் குழிக்குள் இறங்கலாம் என்று நினைப்பவர் அந்த நொடியில்தான் பேராபத்தில் இருக்கிறார். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழும் கொடுமை சாணக் குழிகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. வாயு அளவி, காற்றோட்டம், சுவாசக் கருவி, இடுப்பில் கயிறு, மேலே கண்காணிக்க ஓர் ஆள் ஆகிய அனைத்தும் இல்லாமல் எவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. விழுந்தவரை மேலிருந்தபடியே இழுத்தெடுக்க, மூன்றுகால் தூக்குச் சட்டமும் கயிற்றுச் சுருளும் குழியின் அருகிலேயே, பூட்டில்லாத இடத்தில் இருக்க வேண்டும்.