ஆறு மணி நேரக் கெடு: சைபர் தாக்குதல் நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினியில் அது புகுந்தது உண்மை, உலையை இயக்கும் அமைப்புக்குப் பாதிப்பில்லை. டிட்ராக் என்ற அந்த நச்சு மென்பொருள், வட கொரிய அரசோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் என்ற ஹேக்கர் கும்பலின் கைவரிசை என்றார்கள் ஆய்வாளர்கள். இதைக் கவனித்துக் கழகத்துக்குச் சொன்னது, நாட்டில் நடக்கும் சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் (CERT-In) அமைப்பு. அதுவும் செப்டம்பர் 4-ஆம் தேதியே.

அந்த சர்ட்-இன்தான் 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின்கீழ் ஒரு உத்தரவு போட்டது. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குத் தகவல் தர வேண்டும். அரசு அலுவலகம், தனியார் நிறுவனம், தரவு மையம் எல்லோருக்கும் இது பொருந்தும். கட்டணமில்லா எண் 1800-11-4949.

கெடு, தாக்குதல் நடந்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை. உங்களுக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான். செய்தது வெளிநாட்டு அரசா, பக்கத்துத் தெருப் பையனா என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். கையில் இருப்பதை முதலில் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் தரலாம்.

என்னைக் கேட்டால், 6 மணி நேரத்தைவிட முக்கியமானது பதிவேடு பற்றிய விதி. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கணினி எழுதிவைக்கும் லாகுகளை 180 நாள் காக்க வேண்டும். அரசின் நேர சர்வரோடு ஒத்துப்போகும்படி கணினிக் கடிகாரங்களையும் சரிசெய்திருக்க வேண்டும். வெளிநாட்டு அரசின் ஆதரவோடு வருகிறவர்கள் சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருப்பார்கள். பத்து நாள் லாகை வைத்துக்கொண்டு அவர்கள் வந்த வழியைத் தேட முடியாது.

விபிஎன், அதாவது இணையத்தில் நாம் யார், எங்கிருக்கிறோம் என்பதை மறைக்க உதவும் சேவை; அதைத் தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் இந்த உத்தரவில் உண்டு. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை அதை ஏற்காமல் இந்திய சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சவரம்பு 1 லட்சமாக இருந்ததை 2023-இல் வந்த சட்டத்திருத்தம் 1 கோடி ரூபாய் ஆக்கியது.

சரி, தனி மனிதர்களுக்கு? இந்தக் கெடு உங்களுக்கு இல்லை. ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் கூப்பிட வேண்டிய எண் 1930.