ஜாம்பிக்குத் தமிழ் நடைப்பிணம்

போன வாரம் ‘ஷான் ஆஃப் த டெட்’ என்ற ஆங்கில ஜாம்பி நகைச்சுவைப் படத்தை நான்காவது முறையாகப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை மகன் கூட இருந்ததால் தமிழ் சப்டைட்டிலைப் போட்டுவிட்டேன். அதில் தொடக்கம் முதல் கடைசி வரை ‘பேய்’, ‘பேய்கள்’, ‘பேய்க்கூட்டம்’. பாதிப் படத்தில் அவன் கேட்டான்: “மாமா, பேய்னா செவுத்துக்குள்ள பூந்து வந்துருமே, இது எதுக்குக் கதவைப் போட்டு இடிக்குது?”

அவன் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. பேய் என்று நாம் இன்று சொல்வது உடலை விட்டுப் பிரிந்த ஆவியை. ஜாம்பி என்பது ஆவி பிரிந்துபோன உடல். சரியாக எதிரெதிரானவை. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைத்துவிட்டு, பார்ப்பவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். இதே ‘பேய்’ மொழிபெயர்ப்பை டப்பிங் படங்களிலும் திரை விமர்சனங்களிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கோ பகுதியின் மொழியில் கடவுளையும் ஆவியையும் குறித்த சொற்களே இதன் வேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடிமைக் கப்பல்களோடு கரீபியனுக்குப் போய், ஹெய்ட்டியில் ‘சோன்பி’ ஆனது. அங்கே அதன் பொருள், மாந்திரீகன் குழியிலிருந்து எழுப்பி வேலை வாங்கும் பிணம். செத்தாலாவது கரும்புத் தோட்டத்திலிருந்து விடுதலை என்று நினைத்தவர்களுக்கு, செத்த பிறகும் வேலை என்பதைவிடப் பெரிய அச்சம் எது? 1929இல் வில்லியம் சீப்ரூக்கின் பயண நூல் இந்தச் சொல்லை ஆங்கில வாசகர்களிடம் பரப்பியது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படம் இந்தப் பிணங்களுக்கு மனித மாமிசப் பசியைக் கொடுத்தது.

ஆக, மூன்று கூறுகள்: பிணம், நடக்கிறது, மனம் இல்லை. இந்த மூன்றும் அடங்கிய சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, நடைப்பிணம். யாரும் புதிதாக உருவாக்க வேண்டாம். ‘நடைபிணம்’ என்றும் எழுதுகிறார்கள். நடைப்பயிற்சி போல ஒற்று மிகுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேய் என்பதற்கு வக்காலத்து வாங்குபவர்கள் இலக்கியத்தைக் காட்டுவார்கள். “தமிழ்ப் பேய்க்கு உடல் உண்டு, கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள்” என்பார்கள். பார்த்திருக்கிறேன். செயங்கொண்டாரின் பேய்களுக்குக் குகை போன்ற வாயும் ஒட்டிய வயிறும் உண்டு, பிணம் தின்னும் பசியும் உண்டு. ஆனால் அந்தப் பேய்கள் என்னவெல்லாம் செய்கின்றன! யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. போர்க்களத்தில் அடுப்பு மூட்டிக் கூழ் சமைக்கின்றன. ஆளாளுக்குப் பார்த்துப் பரிமாறுகின்றன. காளியிடம் பசிக்கிறது என்று முறையிடுகின்றன. இத்தனை அறிவும் பேச்சும் உள்ளதை, கதவைத் திறக்கத் தெரியாமல் மோதிக்கொண்டு நிற்கும் உடலோடு எப்படிச் சேர்ப்பது? காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்று, அந்த வடிவத்தில் பதிகம் பாடியவர். தமிழ்ப் பேய் பாட்டே பாடும்.

வேதாளம் என்பவர்களும் உண்டு. பிணத்துக்குள் புகுந்து இயக்குவது என்பதால் பாதி பொருந்துகிறது. ஆனால் விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லி விடுகதை போடும் வேதாளத்தைவிடப் புத்திசாலி அந்தக் கதையில் யார்? பிணந்தின்னி என்பது தலைகீழ், இங்கே பிணம்தான் உயிரோடு இருப்பவரைத் தின்கிறது. 2016இல் வந்த தமிழ்ப் படத்துக்கு ‘மிருதன்’ என்று பெயர் வைத்தார்கள். தலைப்பாக நன்றாக இருக்கிறது. ஆனால் காதில் முதலில் விழுவது மிருகம், பிணம் அல்ல. ‘உயிருள்ள இறந்தோர்’ என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எந்தத் தமிழர் அப்படிப் பேசுவார்?

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நடைப்பிணம் என்பதை உயிரோடு இருப்பவருக்குத்தானே சொல்கிறோம்? மகனைப் பறிகொடுத்தவரை, வேலை போய் வாழ்க்கை வெறுத்தவரை, ‘நடைப்பிணமா ஆயிட்டான்’ என்கிறோம். குழப்பம் வராதா?

வரட்டும். ‘ஷான் ஆஃப் த டெட்’ படமே அந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது. எட்கர் ரைட் இயக்கி, அவரும் சைமன் பெக்கும் எழுதிய படம், 2004இல் வந்தது. தொடக்கத்திலேயே லண்டன் மக்களைக் காட்டுகிறார்கள். கடையில் பில் போடுபவர்கள், தள்ளுவண்டி தள்ளும் பையன்கள், பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள், எல்லோரும் முகத்தில் களையே இல்லாமல் ஒரே மாதிரி அசைகிறார்கள். அவர்களில் ஒருவரும் இன்னும் சாகவில்லை. நோய் பரவிய மறுநாள் காலை நாயகன் ஷான் தெருமுனைக் கடைக்குப் போகிறான், ரத்தத்தில் வழுக்குகிறான், ரத்தக்கை பதிந்த குளிர்பெட்டியைத் திறக்கிறான், வீடு திரும்புகிறான். எதுவுமே அவன் கண்ணில் படவில்லை. நேற்று இருந்த தெருவுக்கும் இன்றைய தெருவுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நடைப்பிணம் என்று எழுதினால் இந்தச் சிரிப்பு விளக்கமில்லாமல் தமிழில் வந்து சேர்கிறது. பேய் என்று எழுதினால் வெறும் கவனக்குறைவான ஆள்.

இன்னொரு இடம். நண்பன் ‘ஜாம்பி’ என்றதும் ஷான் பதறி, அந்த ‘இசட்’ வார்த்தையைச் சொல்லாதே, அபத்தமாக இருக்கிறது என்கிறான். கெட்ட வார்த்தைகளை முதல் எழுத்தால் மட்டும் குறிப்பது ஆங்கிலேயர் பழக்கம். நம் ஊரில் ராத்திரியில் பாம்பைப் ‘பூச்சி’ என்போம், அது பயத்தால். ஷான் தடுப்பது கூச்சத்தால். வாசலில் பிணங்கள் நிற்கும்போதும், இதைப் போய் வாய்விட்டுச் சொல்வதா என்ற கூச்சம்! இங்கே சப்டைட்டில் ‘அப்படிச் சொல்லாதே’ என்று முடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் ‘ஸீ’ என்னும் Z எழுத்தை நாமும் ஆங்கிலேயரைப் போல இசட் என்றுதான் பள்ளியில் படித்தோம். ‘அந்த “ந” வார்த்தை வேண்டாம்’ என்று எழுதினால் போதும், யாருக்கும் புரியும்.

மனம் இல்லை என்று மேலே சொன்னேன். அதைப் படமே ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கிறது. ஷானின் மாற்றாந்தந்தை ஃபிலிப்புக்குக் காரில் அலறும் பாட்டு பிடிக்காது. அவர் காருக்குள்ளேயே செத்து எழுந்த பின், உள்ளே இருப்பது உன் கணவரே அல்ல, நீ நேசித்தவரின் சுவடுகூட இல்லை என்று ஷான் அம்மாவிடம் மன்றாடுகிறான். பின்னால் அந்தப் பிணம் கையை நீட்டிப் பாட்டை நிறுத்துகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இது சுடுகாட்டையும் தாண்டிவிட்டது. அது மனமல்ல, பழக்கம். நடைப்பிணம் என்ற சொல்லுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். கடைசியில், மிஞ்சிய பிணங்களைச் சங்கிலியில் கட்டித் தள்ளுவண்டி தள்ள விடுகிறார்கள். ஹெய்ட்டிக் கரும்புத் தோட்டத்துப் பொருளே திரும்பி வந்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதியும் தமிழுக்கு இங்கே இருக்கிறது. ஷானின் அம்மா பார்பரா கடிபட்டுச் சாகும் கட்டத்தில், இனி இது உன் அம்மா இல்லை என்று ஒருவன் துப்பாக்கியை நீட்டுகிறான், ஷான் மறிக்கிறான். ஆங்கிலம் இதற்கு வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போடவேண்டியிருக்கிறது. தமிழில் வினைமுற்றே போதும். அவன் “எந்திரிக்குது” என்பான், ஷான் “எந்திரிக்கிறாங்க” என்பான். நான் பார்த்த சப்டைட்டிலில் இருவருக்கும் “எழுகிறாள்” என்று போட்டிருந்தார்கள்.