இண்டிவெப்: தற்சார்பு வலை

சொந்தப் பெயரில் ஒரு வலைமுகவரி வாங்கி, எதை எழுதினாலும் முதலில் அங்கே எழுதி, எழுதியதைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறவர்களின் வலைக்கு இண்டிவெப் என்று பெயர். கட்டுரை, படம், ஒலிப்பதிவு எதுவானாலும் மூலப்படி அவரவர் தளத்தில் இருக்கும். ஃபேஸ்புக்கிலோ எக்ஸிலோ இன்ஸ்டாகிராமிலோ அதன் நகலைத் தாராளமாகப் போடலாம். அந்த நிறுவனம் நாளைக்குக் கணக்கை முடக்கினாலும், சேவையையே மூடிவிட்டாலும் போவது நகல்தான். மூலம் இருக்கிறது, வாசகர் தேடி வரும் முகவரியும் மாறவில்லை.

வீட்டிலேயே சர்வர் (தளத்தின் கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினி) ஓட்ட வேண்டும், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துத் தயங்குகிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. சர்வர் வாடகைக்கு எடுத்ததாகவே இருக்கலாம். முக்கியமானது முகவரிப் பெயர். அந்தப் பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை அதைப் பதிவு செய்தவர்தான் தீர்மானிக்கிறார். வாடகைக்கு விட்டவர் சரியில்லை என்றால் கோப்புகளை வேறொரு சர்வருக்கு மாற்றி, பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். படிக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் பெருக வேண்டும் என்பது என் ஆசை.

சொல்லின் முதல் பாதியான 'இண்டி', 'இண்டிபெண்டென்ட்' என்பதன் குறுக்கம். வேர் லத்தீன். 'பெண்டேரே' என்றால் தொங்குதல். ஒன்றிலிருந்து தொங்கிக்கொண்டிருப்பது 'டிபெண்டென்ட்'. முன்னால் 'இன்' சேர்ந்தால் எதிலிருந்தும் தொங்காதது. அமெரிக்காவில் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே படம் எடுத்தவர்களை இண்டி என்றார்கள். 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை எதிர்பார்க்காமல் தாங்களே இசைத்தட்டு வெளியிட்ட குழுக்களால் சொல் இசைக்குள் பரவியது. அப்புறம் கணினி விளையாட்டுக்கும் போனது. இன்று 'இண்டி இசை' என்றால் ஒரு தனி இசை பாணி என்றுகூடப் பொருள் கொள்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் அந்தச் சொல் யார் பணத்தில், யார் பொறுப்பில் வெளியானது என்பதை மட்டும்தான் சொன்னது. வலைக்கு வந்தபோது அந்தப் பழைய பொருளோடுதான் வந்தது.

வந்த இடமும் ஆண்டும் தெளிவாகத் தெரியும். 2011 ஜூனில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் இண்டிவெப்கேம்ப் என்ற ஒன்றுகூடல் முதன்முதலாக நடந்தது. டான்டெக் செலிக், ஆரன் பரெக்கி, ஆம்பர் கேஸ், கிரிஸ்டல் பீஸ்லி ஆகியோர் சேர்ந்து தொடங்கியது அது. தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள், செய்ததை உன் தளத்திலேயே தினமும் பயன்படுத்து என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நெறி. உலகத்துக்கே தீர்வு கண்டுபிடிக்கிறோம் என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எனக்கு இந்த இயக்கத்தில் மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

அதில் விளைந்த ஒன்று வெப்மென்ஷன். ஒருவர் தன் தளத்தில் ஒரு கட்டுரை எழுதுகிறார். நான் என் தளத்தில் அதற்கு மறுப்பு எழுதி, அவருடைய கட்டுரைக்குச் சுட்டி கொடுக்கிறேன். உடனே என் தளம் அவருடைய தளத்துக்கு இரண்டே இரண்டு முகவரிகளை அனுப்பும்: மறுப்பு இருக்கும் பக்கம் இது, அது சுட்டுகிற பக்கம் இது. அவருடைய தளம் என் பக்கத்தை எடுத்துப் பார்த்து, சுட்டி உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்கும். அவர் விரும்பினால் கட்டுரைக்குக் கீழே மறுமொழியாகக் காட்டும். நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. அவர் வார்த்தை அவர் இடத்தில், என் வார்த்தை என் இடத்தில். 2017 ஜனவரியில், வலைக்கான தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) இதைத் தன் பரிந்துரைகளில் ஒன்றாக வெளியிட்டது.

இந்தப் பெயருக்கே ஏன் தேவை வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய வலையின் நிரல்களை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. அன்றைய வலைக்கு ஒரே ஓர் உரிமையாளர் என்று யாருமில்லை. ஆகவே 'இண்டி' என்ற அடையும் வேண்டியிருக்கவில்லை. பிராய்லர் வரும் வரை நாம் கோழியைக் கோழி என்றுதானே சொன்னோம்? பிராய்லர் வந்து சந்தையைப் பிடித்த பிறகுதான் பழைய கோழி நாட்டுக்கோழி ஆனது. வலைக்கு 'இண்டி' ஒட்டிக்கொண்டதும் அதே வழியில்தான்.

இடையில் போனவை கொஞ்சமல்ல. 1990களில் எத்தனையோ பேருக்கு முதல் வலைப்பக்கமாக இருந்த ஜியோசிட்டீஸை 1999இல் யாகூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. தமிழருக்கு இதைவிட நெருக்கமான இழப்பு யாகூ குழுமங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்பே மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுமங்களில் கதை, கவிதை, இலக்கணச் சண்டை, ஊர் நினைவு எல்லாம் மடல்களாகக் குவிந்தன. குழுமத் தளத்தில் இருந்த பழைய மடல்களை நீக்கப்போவதாக யாகூ 2019 அக்டோபரில் அறிவித்தது. 2020 டிசம்பர் 15இல் சேவையையே நிறுத்தியது. தனியாக எடுத்து வைத்தவர்களிடம் இருப்பது மட்டும் மிச்சம். நம் ஊர் இளைஞர்கள் விழுந்து விழுந்து எழுதிய, கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. இணையத் தமிழின் முதல் தலைமுறை உரைநடையில் பெரும்பகுதி இப்படி அடுத்தவர் எடுத்த முடிவுகளால் காணாமல் போனது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அதே காலத்தில் வேறொரு வழியும் தமிழில் நன்றாக நடந்துகொண்டிருந்தது. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தைத் தொடங்கினார். அது எழுத்தைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வலைப்பதிவும் வெளியிடும் ஓடையைப் படித்து, புதிதாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முகப்பில் காட்டி, படிக்க விரும்புகிறவரை எழுதியவரின் பக்கத்துக்கே அனுப்பிவைத்தது. ஓடை என்பது ஒரு தளத்தின் புதிய பதிவுகளை நிரல்கள் படிக்கும் வடிவில் பட்டியலிடும் கோப்பு. அதன் பரவலான வடிவம் ஆர்எஸ்எஸ். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. திரட்டி, ஓடை, இடுகை, பின்னூட்டம், சுட்டி, பதிவர் என்று நாம் இன்று சாதாரணமாகப் புழங்கும் பல சொற்கள் அந்தப் பதிவர்கள் பேசிப் பேசி நிலைபெற்றவை. பெயர் தெரியாமலேயே இண்டிவெப்பின் பாதியை அவர்கள் வாழ்ந்து காட்டிவிட்டார்கள். பாதி என்று சொல்லக் காரணம், அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை கூகுளின் பிளாக்கர் முகவரியில் இருந்தன. ஓடைகளைப் படிக்கப் பலர் நம்பியிருந்த கூகுள் ரீடரும் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. ஓடை என்ற முறை மட்டும் இன்றும் அப்படியே வேலை செய்கிறது. பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் பலருக்கு அது வந்து சேருவது இதே ஓடையில்தான்.

இண்டிவெப்காரர்கள் பெரிய தளங்களை 'சைலோ' என்பார்கள். தானியம் கொட்டி வைக்கும் உயரமான மூடிய கூடு அது. உள்ளே போனது வெளியே எளிதில் வராது, பக்கத்துச் சைலோவோடு கலக்கவும் கலக்காது என்பது அவர்கள் சொல்ல வருவது. அகராதிப்படி நமக்கு நேர்ச்சொல் குதிர். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்கிறோமே, அதே குதிர். ஆனால் குதிரில் கிடப்பது நம் நெல், குதிர் இருப்பதும் நம் வீட்டில், வேண்டும்போது அள்ளிக்கொள்ளலாம். சைலோ என்ற வசைக்கு அந்த நல்ல சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'அடைப்புத் தளம்' என்றால் போதும், பொருள் நேராக வந்துவிடும்.

சரி, இண்டிவெப்புக்குத் தமிழில் என்ன? 'சுதந்திர இணையம்' என்றால் அரசுத் தணிக்கை இல்லாத இணையம் என்றுதான் முதலில் தோன்றும். அது வேறு சிக்கல். 'கட்டற்ற' என்பது கட்டற்ற மென்பொருளுக்கு உரியதாகிவிட்டது. உரிமம் பற்றிய சொல் அது. 'சுயேச்சை' தமிழ்நாட்டில் தேர்தலோடு ஒட்டிக்கொண்டது. அதன் பொருளும் தன் விருப்பப்படி நடப்பது என்பதுதான். 'தன்னாட்சி' என்றதும் கல்லூரிப் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும். 'சுயாதீனம்' வடமொழி வழி வந்தது, தன் வசத்தில் இருப்பது என்று பொருள். இலங்கைத் தமிழில் சுயாதீன ஊடகம், சுயாதீன ஆணைக்குழு என்று அன்றாடம் புழங்குகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் 'சுயாதீன வலை' என்று எழுதினால் அது மிகச் சரி, மாற்றத் தேவையில்லை.

தமிழ்நாட்டு வழக்கை வைத்துப் பார்த்தால் என் தேர்வு 'தற்சார்பு'. தன், சார்பு என்ற இரண்டும் சேர்ந்து னகரம் றகரமாகத் திரிந்தது. பள்ளியில் படித்த சார்பெழுத்தை நினைத்துக்கொண்டால் சார்பின் பொருள் விளங்கும்: தனித்து இயங்காமல் இன்னோர் எழுத்தைச் சார்ந்து வருவது. தற்சார்பு அதைத் தன் பக்கம் திருப்புகிறது. இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள், குறிப்பாக நம்மாழ்வார் வழி வந்தவர்கள், இந்தச் சொல்லை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் கேட்டவுடன் யாரை, எதை எதிர்பார்க்காமல் வாழ்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். அரசு விளம்பரங்களில் வரும் 'சுயசார்பு' இதன் உடன்பிறப்பு, பிழையில்லை.

இரண்டாம் பாதியில் கவனம் வேண்டும். 'தற்சார்பு இணையம்' என்று எழுதினால் இல்லாததைச் சொல்வதாகிவிடும். இணையம் என்பது கம்பியும் கருவியும் சேர்ந்த கட்டமைப்பு. சென்னையில் கரையேறும் கடலடிக் கம்பிவடமும், வீட்டுக்கு வரும் இணைப்பும் நிறுவனங்களுடையவை; சொந்தத் தளம் வைத்திருப்பதால் அவை நம்முடையதாகிவிடாது. வலை என்பது அந்தக் கட்டமைப்பின் மேல் ஓடும் பக்கங்களும் சுட்டிகளும். அந்த அடுக்கில்தான் தற்சார்பு இன்று ஒரு தனிமனிதரால் முடிகிற காரியம். ஆகவே தற்சார்பு வலை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஒதுங்கிக்கொள்வதா என்று கேட்பவர்களுக்கும் அந்த 'வலை' பதில் சொல்கிறது: சுட்டியும் மறுமொழியும் இல்லாமல் வலை ஏது?

பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபெடிவர்ஸ் என்பது மாஸ்டடான் போன்ற சமூக வலை மென்பொருள்களை ஓட்டும் பல சர்வர்கள் ஒரு பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கூட்டமைப்பு. கூட்டாட்சி என்ற பொருளுள்ள 'ஃபெடரேஷன்', 'யுனிவர்ஸ்' இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர். அதில் ஒருவர் பிறர் நடத்தும் சர்வரில் கணக்கு வைத்திருக்கலாம். 'ஸ்மால் வெப்' என்பது அளவைப் பற்றியது: விளம்பரம், கண்காணிப்பு நிரல் எதுவும் ஏற்றாத சிறிய, இலகுவான பக்கங்கள். 2019இல் வந்த ஜெமினி நெறிமுறை இந்த ஆசையை எல்லைவரை கொண்டுபோனது. அதில் பக்கத்துக்குள் நிரல் ஓட்டவே வழியில்லை. 'சிறுவலை' என்று தாராளமாகச் சொல்லலாம். சிறுவலைப் பக்கம் தற்சார்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

எழுதும்போது தற்சார்பு வலை என்று இயல்பாகவும், தற்சார்புத் தளம், தற்சார்புப் பதிவர் என்று வல்லினம் மிகுத்தும் எழுத வேண்டும். இண்டிவெப்கேம்ப் போன்ற நிகழ்வுப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.