நேரம் கேட்டால் எண் தரும் கணினி

சி என்ற நிரல்மொழியில் இப்போதைய நேரத்தைப் பெறுவது மிகச் சிறிய வேலை. டைம் டாட் ஹெச் என்ற ஹெடர் கோப்பைச் சேர்த்து, டைம் என்ற ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு), ‘நல்’ எனும் வெற்று மதிப்பைக் கொடுத்து அழைத்தால் போதும். ஆனால் வந்த விடையை அப்படியே அச்சிட்டால் மணியும் இருக்காது, தேதியும் இருக்காது. பத்து இலக்க எண் ஒன்றுதான் திரையில் வரும்.

1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை ஓடிய விநாடிகள் அவை. சி மொழியின் தரநிலை இந்தத் தொடக்கப்புள்ளியை வற்புறுத்தவில்லை. ஆனாலும் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் நடைமுறை இதுதான். உலகில் எங்கிருந்து கேட்டாலும் ஒரே நொடியில் ஒரே எண். இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, எண்ணிலிருந்து தேதி எப்படி வருகிறது? நூறு கோடியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்று வகுத்தால் 11,574 நாட்கள் போக 6,400 விநாடி மிச்சம். மிச்சத்தைப் பிரித்தால் 1 மணி 46 நிமிடம் 40 விநாடி. லீப் ஆண்டுகளைக் கணக்கில் வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே போனால் 2001 செப்டம்பர் 9-இல் வந்து நிற்போம். 1972 முதல் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் லீப் விநாடிகள் எனப்படும் 27 கூடுதல் விநாடிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை இந்த எண்ணிக்கை கண்டுகொள்வதில்லை, அதனால்தான் வெறும் வகுத்தலே போதுமாகிறது.

இந்த வகுத்தலை நமக்காகச் செய்வது லோக்கல்டைம் என்ற ஃபங்ஷன். உள்ளூர் நேர வித்தியாசம் நுழைவதும் இங்கேதான். அது தரும் ஸ்ட்ரக்சரில், அதாவது பல மதிப்புகளின் தொகுப்பில், ஆண்டு 1900-லிருந்து எண்ணப்படும், மாதம் பூஜ்யத்தில் தொடங்கும். மேலே சொன்ன தேதிக்கு ஆண்டு 101, மாதம் 8 என்று இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: லோக்கல்டைம் ஒவ்வொரு முறையும் விடைக்காக நினைவகத்தில் புது இடம் ஒதுக்குவதில்லை. இரண்டாம் முறை அழைத்தால் முதல் விடை அழிந்துபோகலாம். முதல் விடை வேண்டுமென்றால் உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள். அழகாக அச்சிட எஸ்டிஆர்எஃப்டைம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

விநாடியை 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், வைத்திருக்கும் பழைய கணினிகளுக்கு ஓர் எல்லை உண்டு. 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 3 மணி 14 நிமிடம் 7 விநாடியில் எண் 2,147,483,647-ஐத் தொடும். அதற்கு அடுத்த விநாடி, எண் எதிர்மறையாகிக் காலம் 1901 டிசம்பருக்குத் தாவிவிடும். 64 பிட்டுக்கு மாறினால் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

கணினி அணைந்திருக்கும்போதும் நேரம் தவறாமல் இருக்கக் காரணம், மதர்போர்டில் சிறு பேட்டரியில் ஓடும் கடிகாரம். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் பொதுவாக விநாடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டின் 15-ஆம் அடுக்கு என்பதால் எண்ணுவது எளிது. கணினியை இயக்கியதும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த நேரத்தைப் படித்துக்கொண்டு, அப்புறம் தானே எண்ணத் தொடங்குகிறது. இணையத்திலுள்ள நேர சர்வர்களோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தியும் கொள்கிறது.

அந்தத் திருத்தத்தால் கடிகாரம் பின்னோக்கிக்கூடப் போகலாம். ஆகவே ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அளக்க டைம் ஃபங்ஷனை நம்பாதீர்கள். லினக்ஸில் கிளாக் கெட்டைம் ஃபங்ஷனிடம் மோனோடோனிக் கடிகாரத்தைக் கேளுங்கள். அதற்குத் தேதி தெரியாது, ஆனால் ஒருபோதும் பின்னால் போகாது.