கைரல் என்ற சொல்லும் நம் சங்கும்

"சித்தப்பா, கைரல் காபன் எண்டு சேர் எழுதித் தந்தவர். கைக்கும் காபனுக்கும் என்ன தொடர்பு?" என்று போன கிழமை பெறாமகள் கேட்டாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஒலியை வைத்துத்தான் கேட்டாள், ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. நம்முடைய 'கை'க்கும் அதற்கும் உறவில்லை, பொருள் மட்டும் ஒன்று. 'சேர்ஜரி'யும் அதே வேர்தான், கையால் செய்யும் வேலை.

சொல்லை ஆக்கியவர் பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு. 1893இல் ஒக்ஸ்போர்டில் பேசியபோது, கண்ணாடி விம்பத்தோடு பொருத்த முடியாத உருவத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். இடக்கால் சப்பாத்துக்குள் வலக்காலை விட்டுப் பார்த்தால் விளங்கும். நான்கு வெவ்வேறு கூட்டங்கள் பிணைந்த காபன் அணுவும் இப்படி இரண்டு கை போல அமையும், அதுதான் கைரல் காபன்.

விஷயம் சொல்லுக்கும் மூத்தது. 1848இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தாத்தாரிக் அமில உப்பின் பளிங்குகளைப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்றுக்கொன்று விம்பமாக இருந்தவற்றைப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் முனைவாக்கிய ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். நாம் குழம்புக்குக் கரைக்கிற பழப்புளியில் இருப்பது வலப்பக்கம் திருப்பும் அமிலம். மரம் ஒரு கையைத்தான் செய்கிறது.

உடம்பும் கை பார்த்துத்தான் வாங்கும். புதினாவிலும் சதகுப்பையிலும் மணப்பது கார்வோன் என்ற ஒரே பொருள், ஒன்றில் இடக்கை, ஒன்றில் வலக்கை, மூக்கு உடனே பிரித்துவிடுகிறது. பழுதான குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்த வழியில் வந்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து. அதில் இரண்டு வடிவமும் கலந்திருக்கும். எஸ் என்று குறிக்கும் வடிவம் மற்றதைவிட 3 முதல் 5 மடங்கு வலியது, ஈரல் இரண்டையும் வெவ்வேறு நொதியங்களால் உடைக்கிறது. அதனால் ஒரு மூலிகைச் சத்து உடம்பில் எத்தனை நேரம் நிற்கும் என்று கேட்பவர், எந்தக் கை என்றும் கேட்டாக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கைம்மை' ஆகவே ஆகாது, அது கணவனை இழந்த நிலை. கைத்தன்மை என்பதே என் தெரிவு. ஒளியைத் திருப்பும் திசைக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி இருக்கின்றன. வலம்புரி, இடம்புரி என்று சங்கிடமிருந்தும் எடுக்கலாமே என்று திருகோணமலையில் வளர்ந்த எனக்கு ஆசைதான், ஆனால் அங்கே ஒரு சிக்கல். கோணேசர் கோவிலில் ஊதுகிற சாதாரணச் சங்கை எடுத்து, கூம்பு மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கப் பிடியுங்கள்: வாய் வலப்பக்கம் இருக்கும், விஞ்ஞானி அதை வலச்சுருள் என்பார். நம்மவர் கூம்பைக் கீழே வைத்துப் பார்ப்பதால் அதே சங்கு இடம்புரி. அரிய வலம்புரியோ விஞ்ஞானிக்கு இடச்சுருள். சங்கு ஒன்றே, பிடிக்கும் விதம்தான் வேறு.

வலம்புரி அரிதாக இருப்பதற்கும் காரணம் சொல்கிறார்கள். சங்கும் ஒரு கடல் நத்தைதான். எதிர்ப்பக்கம் சுருண்ட நத்தைக்கு மற்றவற்றோடு இணைசேர்வது கடினம், அதனால் பெருகாது. ஆனால் ஜப்பானின் தெற்குத் தீவுகளில் நத்தை தின்னும் ஒரு பாம்புக்கு வலத்தாடையில் பற்கள் கூட, வலச்சுருளைப் பிடிப்பதற்கென்றே அமைந்த வாய். அதன் வாயிலிருந்து இடச்சுருள் நத்தை அதிகம் தப்புகிறது, அப்படிப்பட்ட இடங்களில் அந்த இனம் நிலைத்தும் விட்டது.

பெறாமகளின் கொப்பியில் கைரலுக்குப் பக்கத்தில் 'கைத்தன்மையுள்ள' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். சோதனையில் மட்டும் சேர் தந்த சொல்லையே எழுதச் சொன்னேன்.